படத்தில் விட்ட தண்ணீர்

சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, "மேடம், உங்க இன்ஸ்பிரேஷன் என்ன?" என்று கேட்டாள். அங்கே ஒரு கண்காட்சியில் என் படங்கள் சிலவற்றை வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம், அதில் என்னைப் பற்றி ஒரு பத்தி வேண்டுமாம். நான் அப்போது அடுப்படியில் உளுந்து வறுத்துக்கொண்டிருந்தேன். "அடுப்படிச் சுவரில் படிகிற புகை" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "இல்ல மேடம், சீரியஸா" என்றாள். நான் சீரியஸாகத்தான் சொன்னேன். அவளுக்கு வேண்டியது மலை, சாரல், அருவி, குரங்கு. சரி, கேட்டதைக் கொடுப்போம் என்று அதையெல்லாம் ஒப்பித்துவிட்டு போனை வைத்தேன். உளுந்து கருகிப்போயிருந்தது.

குற்றாலத்துக்காரி என்றாலே அருவிதான் நமக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தது என்று ஊர் உலகம் நினைத்துக்கொள்கிறது. எனக்கு அருவி மேல் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. உண்மையைச் சொன்னால் சின்ன வயதில் எனக்கு அருவியைக் கண்டாலே எரிச்சல்தான். காரணம் உண்டு.

நான் பிறந்த வீடு இலஞ்சியில் இருந்தது. அங்கிருந்து பேரருவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனி மாதம் பிறந்து மலை மேல் மேகம் இறங்கியதும், சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் வந்து இறங்குவார்கள். மதுரைச் சித்தப்பா குடும்பம், சென்னைப் பெரியத்தை குடும்பம், வாசுதேவநல்லூரிலிருந்து அப்பாவின் கூட்டாளிகள், அந்தக் கூட்டாளிகளின் மச்சான்மார். ஒரு கூட்டம் ஈரத்துண்டைக் காயப்போட்டு எடுப்பதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்தவன் அருவிக்குப் பக்கத்தில் குடியிருந்ததில்லை.

அருவியில் குளித்துவிட்டு வருகிறவனின் பசி வேறு மாதிரிப் பசி. எண்ணெய் தேய்த்து, அத்தனை தண்ணீரையும் தலையில் வாங்கி, குளிரில் பல் தந்தியடிக்க வந்து உட்காருவார்கள். காலையில் தோசை, மதியம் சொதியும் இஞ்சித் துவையலும், சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி. எல்லாவற்றுக்கும் எங்கள் அம்மா ஒருத்திதான். அப்பா ஹாலில் உட்கார்ந்து, எந்த அருவியில் என்ன வேகத்தில் தண்ணீர் விழுகிறது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருப்பார். தம்பியை ஆளாளுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு அருவிக்குப் போவார்கள். நான் தேங்காய் துருவுவேன்.

அந்த மாதங்களில் அம்மாவின் முகத்தை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவள் அடுப்பைப் பார்த்து நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் முதுகுதான் தெரியும். இடப்பக்கம் சரிந்து கிடக்கும் கொண்டை, வியர்வையில் ஒட்டிய ரவிக்கை, வலது தோளில் சூட்டுப் பாத்திரம் இறக்குகிற கரித்துணி. "மதினி, இன்னும் ரெண்டு தோசை," "அத்தை, காப்பி" என்று எல்லோரும் அந்த முதுகிடம்தான் சொல்வார்கள். முதுகும் "இந்தா" என்று சொல்லும். போகும்போது மட்டும் வாசலில் நின்று, "உங்களுக்கென்ன மதினி, அருவி பக்கத்துலேயே இருக்கு, நெனச்ச நேரம் குளிக்கலாம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு வண்டி ஏறுவார்கள். அம்மா சீசனில் அருவிக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

அவள் போனது பங்குனியில். விருந்தாளி, சாரல், கடைகள் எல்லாம் போன பிறகு, அப்பா தென்காசிக்குப் போன ஒரு நாள் பார்த்து, "வாட்டி, போயிட்டு வருவோம்" என்பாள். எங்கே என்று சொல்ல மாட்டாள். பேரருவியில் அப்போது தண்ணீர் கயிறு கனத்தில் ஒழுகும். சில வருஷம் அதுவும் இருக்காது, பாறையில் ஈரம் மட்டும் இருக்கும். சீசனில் தண்ணீருக்குப் பின்னால் மறைந்து கிடக்கிற லிங்கங்கள், யாரோ எந்தக் காலத்திலோ பாறையில் செதுக்கியவை, அப்போதுதான் வெயிலில் தெரியும். அம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஒழுகுகிற இடமாகப் பார்த்து நின்று, பாறையில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். பிடரியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பேச மாட்டாள். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது எடுத்துவைக்க மறந்த அந்தக் கரித்துணி தோளிலேயே கிடக்கும்.

எனக்கு வேறு வேலை இல்லாததால் நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூரத்தில் இருந்து பார்த்தால் கறுப்பு. பக்கத்தில் நின்றால் அதில் கறுப்பே கிடையாது. காய்ந்த பாசியின் மஞ்சள் கலந்த பச்சை, துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு, வருஷக்கணக்காக மனிதர்கள் தேய்த்துவிட்டுப் போன எண்ணெயின் பழுப்பு, சோப்பு உறைந்த வெள்ளை. நான் ஓவியம் படித்தது அங்கேதான். பிறகு என்னென்னவோ பரீட்சை எழுதினேன், அதில் எதிலும் இதைவிட அதிகமாகக் கற்றுக்கொள்ளவில்லை.

வரைய ஆரம்பித்தது அடுப்படியில். அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரில் புகை படிந்து கெட்டியாக இருக்கும். ஈர்க்குச்சியால் கீறினால் உள்ளே இருக்கிற சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். கறுப்பில் இருந்து வெள்ளையைச் சுரண்டி எடுக்கிற அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அம்மா ஒரு தடவைகூட வையவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. பாத்திரம் இறக்கும்போது என் படத்தில் துணி உரசாமல் கொஞ்சம் தள்ளி இறக்குவாள். எனக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா எல்லாவற்றையும் மூடிவிடுவார். மாசியிலிருந்து மறுபடி புகை படியத் தொடங்கும்.

எங்கள் ஊரில் சாமியே ஒரு படம். குற்றாலத்துச் சித்திரசபையில் நடராசர் கல்லிலோ செம்பிலோ இல்லை, சுவரில் எழுதிய சித்திரமாக ஆடுகிறார். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு நிமிரும். அதே ஆட்கள், நான் படம் வரையப் படிக்கப் போகிறேன் என்றபோது, "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?" என்று அப்பாவிடம் வந்து வருத்தப்பட்டார்கள். படத்தைக் கும்பிடுவார்கள். படம் போடுகிறவளுக்கு மட்டும் மாப்பிள்ளை கிடைக்காதாம்.

ஆனால் வேலை வாங்குவதில் யாரும் குறைவைக்கவில்லை. கல்யாண வீடா, மணவறைக்கு முன்னால் கோலம் நான். பள்ளிக்கூட ஆண்டுவிழாவா, பின்திரை நான். தெருவில் எவன் பிளஸ் டூ படித்தாலும் அவனுடைய தாவரவியல் ரெக்கார்டு நோட்டு என்னிடம் வந்துவிடும். செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டிய தோற்றத்தை நான் வரைந்த அளவுக்கு உலகத்தில் எவரும் வரைந்திருக்க மாட்டார்கள். தென்காசியைச் சுற்றியிருக்கிற டாக்டர்களில் பாதிப் பேர் என் செம்பருத்தியில் மார்க் வாங்கியவர்கள். கிளினிக்கில் போய் உட்கார்ந்தால், "டோக்கன் எடுத்தாச்சாம்மா?" என்கிறார்கள்.

லோயர், ஹையர் என்று அரசாங்க டிராயிங் பரீட்சைகளை எழுதி, தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். அங்கே ஓவியப் பீரியட் என்பது கணக்கு வாத்தியார் வந்து எடுத்துக்கொள்வதற்காக டைம்டேபிளில் விட்டுவைத்திருக்கிற இடம். நான் பாட்டுக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பிறர் வகுப்பு விடைத்தாள்களின் மார்க்கைக் கூட்டுவேன். கல்யாணம் ஆகி தென்காசிக்கே வந்ததும் மொட்டைமாடி அறை எனக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் நல்ல மனுஷர். டர்பன்டைன் நாற்றத்தைத் தவிர என் ஓவியத்தில் அவருக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது.

அந்த அறையில்தான் பாறையை வரைய ஆரம்பித்தேன். வருஷக்கணக்காக அது ஒன்றைத்தான் வரைந்தேன். தண்ணீர் இல்லாத பேரருவி, தண்ணீர் இல்லாத ஐந்தருவி, லிங்கங்களின் மேல் ஒரு காய்ந்த துண்டு. மாசி, பங்குனியில் நேரில் போய் உட்கார்ந்து பென்சிலில் எடுத்துக்கொண்டு வந்து மாடியில் ஆயிலில் போடுவேன். பார்க்கிற உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தண்ணி எங்க?" அருவிப் படத்தை வீட்டில் மாட்டினால் காசு பெருகும், தண்ணீர் வீட்டுக்கு உள்பக்கமாகப் பாய்கிற மாதிரி மாட்ட வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு சாஸ்திரம் பரவிக்கிடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வறண்ட அருவியை வரைந்தால் யார் வாங்குவார்கள்? சொந்தத்தில் ஒருத்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு சின்னப் பாறைப் படத்தைக் கொடுத்தேன். அதை அவள் பரணில் போட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. சென்னையில் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் அதை அரூப ஓவியம் என்றார்கள். வடிவங்களுக்கு அப்பால் போய்விட்டேனாம். எங்கேயும் போகவில்லை ஐயா, டவுன் பஸ்ஸில் குற்றாலம் வரைக்கும்தான் போனேன். உள்ளூரில் அபசகுனம், வெளியூரில் அரூபம். நடுவில் பாறையைப் பாறை என்று பார்க்க ஒரு ஆளும் இல்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு இலஞ்சி வீடு தம்பிக்கு வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவன் உள்ளே இடித்துக் கட்டி அறைக்கு அறை குளியலறை வைத்து, ஹோம்ஸ்டே ஆக்கினான். முன்னே சொந்தக்காரர்கள் சும்மா வந்து தங்கிய வீட்டில் இப்போது ஊர் பேர் தெரியாதவர்கள் வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள். "வீட்டுச் சாப்பாடு" என்று வெளியே போர்டில் எழுதியிருக்கிறான். அந்த வீட்டுச் சாப்பாட்டை ஆக்குவது அவன் பெண்டாட்டி.

ஒரு தை மாதத்தில் அவன் என் வீட்டுக்கு வந்தான். "யக்கா, ஹால்ல ஒரு படம் வேணும். பெருசா. வாறவுகளுக்கு நொழைஞ்ச ஒடனே குத்தாலம்னு தெரியணும். ஒன்னய விட்டா யாரு இருக்கா?" என்றான்.

கோலம் கேட்டார்கள், ரெக்கார்டு நோட்டு கேட்டார்கள், கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் கேட்டார்கள். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல்தடவை. அவன் கேட்டு முடிப்பதற்குள் என்ன வரையப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஹாலில்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். அங்கே அம்மா பரிமாறக் குனிந்திருக்கிறாள், எச்சில் இலை எடுத்திருக்கிறாள், சீசன் முழுக்க ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அந்த ஹாலில் அவளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். யாரும் தோசை கேட்க முடியாத இடத்தில், பங்குனி மாதத்துப் பாறையில் அவளை நிறுத்த வேண்டும். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக எதுவும் இருந்ததில்லை.

அம்மாவின் முதுகுக்குப் போட்டோ கிடையாது. யார் முதுகைப் போட்டோ எடுப்பார்கள்? நினைவில் இருந்துதான் போட்டேன். கொண்டையின் சரிவு வருவதற்குள் எத்தனையோ தடவை சுரண்டிச் சுரண்டி மறுபடி போட்டேன். அரக்குக் கலர் சுங்குடிச் சேலை, பித்தவெடிப்பு விழுந்த குதிகால், வலது தோளில் அந்தக் கரித்துணி. முகம் தேவையில்லை என்று நான் நினைத்தேன். முகம் போட்டால்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியாது, முதுகைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும் என்று நம்பினேன்.

வைகாசி கடைசியில் படம் இலஞ்சிக்குப் போனது. இரண்டு பேர் பிடித்து ஹாலில் மாட்டினார்கள். தம்பி கொஞ்சம் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கு யக்கா," என்றான். "பாற அப்படியே இருக்கு. ஆனா தண்ணி?"

"பங்குனி மாசம்லே."

"ஓ," என்றான்.

இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தான். பெண்டாட்டி காப்பி கொண்டுவந்தாள். அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தவள், டம்ளரை நீட்டின கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறோம், யாராவது கேட்பார்களா என்று பார்க்கிறோம், அந்த மாதிரி நான் காப்பியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு தென்காசிக்குப் பஸ் ஏறினேன். அவனுக்கு வேலை மும்முரம், நிதானமாகப் பார்க்கும்போது தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சீசன் தொடங்கியதும் போன் வந்தது. "யக்கா, ஒன் படத்தால பெரிய தலவலி," என்றான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஹாலில் நுழைந்ததும் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, தண்ணி இல்லையா?" என்று பெட்டியைக் கீழே வைக்காமலேயே நின்றதாம். இன்னொருவன் படத்தைப் போட்டோ பிடித்து, குற்றாலத்தில் தண்ணீர் இல்லை, யாரும் வர வேண்டாம் என்று தன் ஆட்களுக்கு அனுப்பிவிட்டானாம். ஒரு புக்கிங் கேன்சல். எனக்கு அடக்க மாட்டாமல் சிரிப்பு வந்தது. சென்னையில் அரூபம் என்றார்களே, இங்கே ஒருவன் அதை இன்று காலை எடுத்த போட்டோ என்று நம்பியிருக்கிறான். சந்தோஷமாகக்கூட இருந்தது. "சிரிக்காத யக்கா, நான் எதாவது பண்ணணும்" என்றான். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டான். வீடு நிறைய ஆள், உதவிக்கு வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல், பெண்டாட்டி ஒத்தையில் கஷ்டப்படுகிறாள், வந்து கொஞ்சம் கை கொடு என்றான். போனேன். செருப்பைக் கழற்றும்போதே ஹாலில் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் படத்துக்கு முன்னால் வரிசையாக நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் விலகியதும் நான் பார்த்தேன்.

படத்தில் தண்ணீர் விட்டிருந்தார்கள்.

மேலிருந்து கீழ்வரைக்கும் வெள்ளை எனாமல். ஓரத்தில் நீலம் தீற்றி, அடியில் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி நுரை வைத்து, மூலையில் ஒரு வானவில்லும் போட்டிருந்தது. புளியறைப் பக்கம் லாரிகளுக்குப் படம் போடுகிற ஒருவரைக் கூட்டிவந்து செய்தானாம். அந்த மனுஷர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் வேலையிலும் குறையில்லை. லாரிக்குப் பின்னால் அந்த அருவி ஜோராகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் தண்ணீரை விட்டது நேராக அம்மா மேல். கொண்டை இல்லை, சேலை இல்லை, கரித்துணி இல்லை. நுரைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் பாறை மேல் இரண்டு குதிகால்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

பக்கத்தில் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கெட்டியாகக் காய்ந்துவிட்டிருந்தது. அதைக் கரைக்கப் போனால் அடியில் இருப்பதும் சேர்ந்து கரையும். அதற்குள் உள்ளேயிருந்து "மதினி" என்று குரல் வந்தது, தம்பி பெண்டாட்டி காப்பித் தட்டைக் கையில் கொடுத்தாள், நானும் வாங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். இதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த நிலைமையிலும் தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிற கை இது.

விருந்தாளிகளில் ஒரு பெரிய மனிதர் டம்ளரை எடுத்துக்கொண்டே, "யாரு சார் வரைஞ்சது? நேர்ல விழுற மாதிரியே இருக்கு" என்றார்.

"எங்க அக்காதான். இந்தா நிக்காவல்லா," என்றான் தம்பி.

"தண்ணி தத்ரூபம்மா. மேல தெறிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அவர் என்னிடம்.

"அது நான் வரையல," என்றேன்.

ஹாலில் எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். தம்பி உடனே சிரித்து, "அக்காவுக்கு எப்பவும் தன்னடக்கம் சாஸ்தி," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். பெண்டாட்டி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்க?"

"சொன்னேம்லா யக்கா, தண்ணி இல்லன்னு எல்லாரும் கேக்காவன்னு. ஒன்னய மறுபடி தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் அவர வச்சே முடிச்சேன். இப்ப பாரு, எல்லாரும் போட்டோ எடுக்காவ."

"அங்கன நின்ன பொம்பள எங்க?"

"எந்தப் பொம்பள?"

"பாறையில சாஞ்சு நின்னாளே."

"அதுவா? தண்ணி அங்கனதான் விழுந்தாவணும்னு அவரு சொல்லிட்டாரு. யாரோ டூரிஸ்ட்டுப் பொம்பளதானே யக்கா, போனா போறா. காலை மட்டும் விட்டுட்டாரு பாத்தியா? அதையும் மூடச் சொல்லணும்."

அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. ஐம்பது வயதுத் தடியனை அடுப்படியில் வைத்து அறைந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சீசன் சீசனாக அந்த முதுகு வார்த்துப் போட்ட தோசையில் வளர்ந்த உடம்பு அது. அவன் சின்னப்பிள்ளையிலிருந்து அருவிக்குப் போனதெல்லாம் யாருடைய தோளிலாவது உட்கார்ந்துகொண்டுதான், அருவி நிறையத் தண்ணீர் இருந்தபோதுதான். பங்குனியில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் அடுப்படியில் நடந்தது தெரியும்தானே? ஹாலில் யாரோ வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட, அவன் போய்விட்டான்.

தம்பி பெண்டாட்டி தோசையைத் திருப்பிப் போட்டாள். "மாட்டுன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிட்டு மதினி, அது அத்தைன்னு," என்றாள், என்னைப் பார்க்காமல். "அந்தத் துணியப் பாத்ததும் தெரிஞ்சிட்டு. அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கும், அக்காளும் தம்பியும் பேசித்தான் வச்சிருக்கீகன்னு நெனச்சேன். பெயிண்ட் அடிக்க வந்த அன்னிக்கு நான் இங்கன வேலையா இருந்துட்டேன். வந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"நீ இந்த சீசன்ல அருவிக்குப் போனியாட்டி?" என்று கேட்டேன்.

"எங்க மதினி நேரம்?" என்றாள். தோளில் கிடந்த துணியை எடுத்து, கொதிக்கிற சாம்பாரை இறக்கினாள்.

சாயங்காலம் விருந்தாளிகள் ஐந்தருவிக்குக் கிளம்பிப் போனதும் தம்பி கறுப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு மெல்லிய பிரஷ்ஷும் கொண்டுவந்தான். "யக்கா, நுரை போட்டதுல ஒன் கையெழுத்து மறைஞ்சிட்டு. மறுபடி ஒண்ணு போட்டுரு. ஆர்ட்டிஸ்ட் பேரு இருந்தாத்தான் படத்துக்கு மதிப்பு," என்றான். அவன் முகத்தில் கள்ளங்கபடமே இல்லை. எனக்கு ஏதோ மரியாதை செய்கிறோம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பிரஷ்ஷை வாங்கினேன். குனிந்து உட்கார்ந்து, அந்த இரண்டு குதிகால்களுக்குப் பக்கத்தில் பாறை மிச்சமிருந்த இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். தெளிவாக, முழுப் பெயராக எழுதினேன்.

அவன் குனிந்து படித்தான். "அம்மா பேருல்லா இது? எதுக்கு யக்கா?"

அவன் கையைப் பிடித்து, விரலை அந்த வெள்ளைப் பெயின்ட் மேல் வைத்தேன். "இங்கன கொண்ட," என்றேன். கொஞ்சம் கீழே இறக்கி, "இங்கன கரித்துணி," என்றேன். "இது அவ காலு. இதையும் மூடச் சொல்லப் போறேன்னு சொன்னியே."

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தான், அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. "திருப்பூர் பார்ட்டி வந்துட்டாவ யக்கா," என்று சொல்லிவிட்டு விடுவிடென்று வெளியே போனான்.

குதிகாலை அவன் மூடவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதுமில்லை. நான் இன்னும் பாறையைத்தான் வரைகிறேன், இன்னும் தண்ணீர் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். தம்பி பெண்டாட்டி எப்போதாவது போனில் பேசும்போது அந்த ஹாலின் சமாசாரம் சொல்வாள். வருகிறவர்கள் கீழே இருக்கிற பெயரைப் பார்த்து, இவங்கதான் ஆர்ட்டிஸ்ட்டா என்று கேட்கிறார்களாம். இவனும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறானாம். தண்ணீரை அற்புதமாக வரைந்திருக்கிறார் என்று எங்கள் அம்மாவை வாயாரப் புகழ்ந்துவிட்டு, தோசை ரெடியா என்று உள்ளே அடுப்பைப் பார்த்து நிற்கிற முதுகிடம் கேட்கிறார்களாம்.